இந்த வருஷ பேஸ்பாலில் என்ன புதுசு

கோத்தகிரியில் எனக்குத் தெரிந்து பேஸ்பால் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டு மூன்று பேர்தான். அதில் என் மனைவிக்குத் தெரிந்தது, அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் மகள் திட்டித் திட்டிக் கற்றுத் தந்தது. முழுசாகத் தெரிந்தவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அந்த மகள் மட்டும்தான். நாங்கள் யாரும் நிஜ பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டதில்லை. எல்லாம் டிவியில் மாட்டிய வீடியோ கேம் பெட்டியில் ஆடுவதுதான்.

'அவள் மகள்' என்று எழுதுகிறேன். 'என் மகள்' என்று எழுத ஆசை இருக்கிறது. ஆனால் அது நான் மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

நான் தேயிலை பேக்டரியில் எலெக்ட்ரீஷியன். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் சுற்றிக்கொண்டிருந்தவன். என் மனைவி பஜாரில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். அவளுடைய முதல் கணவர் தோட்டங்களிலிருந்து பேக்டரிக்குப் பச்சைத் தேயிலை ஏற்றி வரும் பிக்கப் வண்டி ஓட்டினார். மஞ்சள் காமாலை வந்து, ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பிறகு பல வருஷம் கழித்துத்தான் இவள் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். பள்ளிக்கூடமும் தையல் கடையும் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே குடி போனேன். பேக்டரியில் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். ஓட்டட்டும், எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. அந்தப் பெண் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அப்பா என்று கூப்பிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் எதுவுமே சொல்லாமல் எப்படி ஒரு ஆளைக் கூப்பிடுவது? அதற்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். அறை வாசலில் வந்து நின்று செருமுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மா, சாப்பாடு ஆச்சு, வரச் சொல்லு" என்பாள். முகத்தில் கோபம் கிடையாது, மரியாதைக்கும் குறைவு கிடையாது. லாட்ஜில் தங்க வந்தவரிடம் அப்படித்தான் இருப்பார்கள். இந்த வீட்டு ஆள் என்று அவள் என்னை நினைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அது ஒன்றைத்தான் நான் அப்போது வேண்டிக்கொண்டிருந்தேன்.

நான் அந்த வீட்டுக்குப் போன நாளில் ஹால் சுவரில் ஒரு வெற்று ஆணி இருந்தது. அதற்குக் கீழே சுண்ணாம்பு மங்காத ஒரு நீள்சதுரம். பக்கத்தில் பல்ப் இல்லாத ஒரு சின்ன ஹோல்டர், அதிலிருந்து தொங்கும் ஒயர். யாரும் சொல்லாமலே புரிந்தது. நான் வருகிறேன் என்று என் மனைவி அவர் போட்டோவைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டாள். எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். கேட்டால் அவள் மனசு கஷ்டப்படும் என்று நான் கேட்கவில்லை. கழற்றச் சொன்னதே நான்தான் என்று மகள் நினைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் மரியாதை என்றால் இதுதான், ஒருவர் மனசு நோகக்கூடாது என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். தொங்கும் ஒயரைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அதன் முனையில் டேப் சுற்றிவிட்டு, பேசாமல் வந்துவிட்டேன்.

பேஸ்பால் வந்தது மகளுடைய தாய்மாமனால். அவர் அமெரிக்காவில் இருக்கிறார். ஒருமுறை லீவில் வந்தவர் அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டு வந்து மாட்டிக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பரீட்சை முடிகிற சமயத்தில் அந்த வருஷத்துப் புது பேஸ்பால் கேமை அங்கிருந்தே அனுப்பிவிடுவார். கிரிக்கெட் கேம் அனுப்பினால் ஆகாதா என்று நான் ஒருமுறை போனில் கேட்டேன். அந்த ஊரில் இதுதான் கிரிக்கெட் என்றார்.

இந்த கேமில் நாமே ஒரு ஆட்டக்காரரை உண்டாக்கிக்கொள்ளலாம். முகம், உயரம், சட்டை எண், எல்லாம் நம் இஷ்டம். மாமன் லீவில் வந்திருந்தபோது மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒருவரைச் செய்து கொடுத்திருந்தார். அகலத் தோள், தனி மீசை அதில் கிடைக்காததால் கறுத்த தாடி, சட்டையில் பிக்கப் வண்டி எண்ணின் கடைசி இலக்கங்கள். அவர்தான் அவளுடைய அப்பா. ஒவ்வொரு வருஷமும் புது கேம் வந்ததும், பழையதிலிருந்து அவரை அப்படியே புதுசுக்குக் கூட்டி வந்துவிடலாம். அடித்த ரன்கள், வாங்கிய கோப்பைகள் எல்லாம் கூடவே வரும், வயசும் வரும். எனக்கு ரொம்ப நாள் அது யார் என்றே தெரியாது. இந்தப் பெண் ஏன் எப்போதும் இந்தத் தாடிக்காரனையே ஆட வைக்கிறாள் என்று சமையலறையில் கேட்டபோதுதான் என் மனைவி குரலைத் தணித்துச் சொன்னாள்.

எனக்கு அந்த ஆட்டத்தில் இடம் கிடைத்தது கரண்டால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. சில்வர் ஓக் கிளை ஒன்று ஒயர் மேல் விழுந்து தெரு முழுக்கக் கரண்ட் போனது. அவள் ஜெயிக்கப் போகிற கட்டம். அந்தக் காலத்து கேமில் பாதியில் நின்றால் அந்த ஆட்டம் அவ்வளவுதான், திரும்ப முதலிலிருந்து ஆட வேண்டும். கறுத்துப்போன டிவி முன்னால் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரமே ஒரு இன்வெர்ட்டரை மாட்டி, டிவிக்கும் பெட்டிக்கும் தனி லைன் இழுத்துக் கொடுத்தேன். அடுத்த முறை கரண்ட் போய் எங்கள் வீட்டு டிவி மட்டும் ஓடியபோது, கேம் ஆடுகிற இரண்டாவது ரிமோட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஆட்டத்தில் நான் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. நான் ரப்பர் பந்து கிரிக்கெட்டில் வளர்ந்தவன். பந்தைப் பின்பக்கம் தட்டிவிட்டு ஃபோர் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"அது ஃபவுலுங்க. முன்னாடி அடிக்கோணும்."

முன்னால் அடித்தால், பந்து நேராக ஆளிடம் போகிறதே, ஓடுவானேன் என்று நின்றுவிடுவேன்.

"ஏனுங்க! அடிச்சுப்போட்டு நிக்கிறீங்களே! ஓடுங்க, ஓடுங்க! இதுல அடிச்சா ஓடியே ஆவோணும்!"

ஏனுங்க. பஸ் கண்டக்டரையும் காய்கறிக்காரரையும் கூப்பிடுகிற அதே ஏனுங்கதான். ஆனாலும் என்னைப் பார்த்துக் கூப்பிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது, கரண்ட் போனால் ஆட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்வது. மழைக்காலத்தில் நான் ரொம்ப முக்கியமான ஆளாக இருந்தேன்.

இந்த வருஷத்து கேமும் பரீட்சை முடிந்த கையோடு வந்தது. பெட்டி அதை நெட்டிலிருந்து இறக்கி முடிக்கவே அரை நாள் ஆனது. புதுசு என்னென்ன என்று அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். தரையில் சறுக்கி விழுந்தால் கால்சட்டையில் ஒட்டிய மண் ஆட்டம் முடியும் வரை இருக்கிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆளுக்கொரு முகம், முன்பெல்லாம் ஒரே ஆள் நூறு இடத்தில் உட்கார்ந்திருப்பான். பெண்களும் ஆடலாம். தோல் நிறத்தில் முன்பு நமக்கு இரண்டே வழி, வெளுத்துப்போனது அல்லது அடுப்புக் கரி. இப்போது இடையில் எத்தனையோ. இதையெல்லாம் நானும் ரசித்துத்தான் பார்த்தேன்.

"அப்பறம் பாருங்க, இனி கரண்ட் போனாலும் பயமில்லீங்க. ஒவ்வொரு பந்துக்கும் அதுவே சேவ் பண்ணிக்குது. விட்ட எடத்துல இருந்து ஆடலாம்" என்றாள் சந்தோஷமாக.

"நல்லதுதான்" என்றேன். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. எழுந்து போய் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அதில் ஏற்கெனவே தண்ணீர் போதுமான அளவு இருந்தது.

அதனால் கேமில் குறை தேடுவதில் நான் மும்முரமாக இறங்கினேன், கிடைக்கவும் கிடைத்தது. உயரப் போகிற பந்தைப் பிடிக்க இரண்டு பேர் ஓடி வந்து, நீ பிடி என்று நின்றுவிடுகிறார்கள், பந்து நடுவில் விழுகிறது. வர்ணனை செய்கிறவர் போன வருஷம் சொன்ன ஜோக்கையே இந்த வருஷமும் சொல்லிச் சிரிக்கிறார். எந்தப் பக்கம் போனாலும் வழியில் ஒரு கடை, அதை வாங்கு இதை வாங்கு என்று. வருஷத்துக்கு வருஷம் அதே தூளை வேறு பாக்கெட்டில் போட்டு விற்பதை நான் தேயிலையில் நிறையப் பார்த்தவன். அதையெல்லாம் உரக்கச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. முதலிலிருந்து மறுபடி தேடினாள். மாமனுக்குப் போன் போட்டாள்.

"அத எடுத்துட்டாங்க சாமி" என்றார் மாமன், ஸ்பீக்கரில். "இந்த வருஷத்துல இருந்து பழைய ஆளுகளப் புதுசுக்குக் கொண்டு வர முடியாது. பழைய கேம்லயே வெச்சு ஆடிக்க வேண்டியதுதான்."

அவள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பழசுலயே ஆடட்டுமே, அதுக்கு எதுக்கு இப்பிடி?" என்றாள் என் மனைவி. அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் ஆயிற்றே. பழைய கேமில் அவருக்கு வயசாகிவிட்டது. ஒரு சீசன் முடிந்தால் ஒரு வயசு கூடும். ஏறி ஏறி என் வயசுக்கு வந்து நின்றிருந்தார். இந்த சீசனோடு அவர் ஓய்வு பெறுகிறார் என்று போன சீசன் கடைசியிலேயே கேம் சொல்லிவிட்டது. அதனால் அவள் கடைசி ஆட்டத்தை ஆடாமலே நிறுத்தி வைத்திருந்தாள். புது கேமுக்குக் கூட்டிப் போய்விட்டால் ஏதாவது வழி கிடைக்கும் என்று நம்பியிருந்தாள்.

கதவுக்கு வெளியே போய் நின்றேன். எனக்கும் செருமத்தான் வந்தது.

"கண்ணு, புதுசா ஒருத்தரச் செய்யலாமே. நெறமெல்லாம் இப்ப நல்லா இருக்குதுன்னு நீதானே சொன்ன?"

கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"அன்னிக்கு மாமாதான் செஞ்சாருங்க. நெஜ மொகம் எனக்குச் சரியா ஞாவகம் இல்ல."

நான் சமையலறைக்குப் போனேன். என் மனைவி குக்கரை மூடிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்.

"அந்தப் போட்டோவ எடு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "உங்களுக்கு..."

"எனக்கு ஒண்ணும் இல்ல. எடு."

பீரோவில் புடவைகளுக்கு அடியில், துண்டில் சுற்றி வைத்திருந்தாள். அவள் அதை ஹாலுக்குக் கொண்டு வந்தபோது கதவு திறந்தது.

"இங்கயேதான் இருந்துச்சா?" என்றாள் மகள்.

"பின்ன எங்க போவும்?"

மகள் என்னைப் பார்த்தாள். "நீங்க கழட்டச் சொன்னீங்கன்னு நெனச்சேன்."

"அவரு ஒரு வார்த்த சொல்லல. நானாத்தான் கழட்டினேன்" என்றாள் தாய்.

போட்டோவை டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதலில் நிறம். மகள் போட்டோவில் இருந்த நிறத்தை எடுத்தாள். "ஸ்டுடியோக்காரன் பவுடர் பூசினது அது. இன்னும் கொற" என்றாள் தாய். "இன்னும். ஆங், அதுதான்." மூக்குக்கு ரொம்ப நேரம் பிடித்தது. காதுகள் உடனே கிடைத்தன. மீசைதான் பெரிய ஏமாற்றம். இத்தனை நிறம் வைத்தவர்கள் மீசையில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார்கள், எல்லாம் வெளிநாட்டு மீசை. ஒன்றை எடுத்து ஒட்டிப் பார்த்ததும் என் மனைவி, "ஐயோ, எங்க மாமனாராட்ட இருக்குது" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதல் கணவரைப் பற்றிப் பேசி அவள் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். குக்கர் விசிலடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

உயரம் கேட்டது கேம். தாய் அறை வாசலின் நிலைச் சட்டத்தைக் காட்டினாள். "இந்த நெலவுல குனிஞ்சுதான் வருவாரு. மறந்தா இடிச்சுக்குவாரு." என்னைப் போய் நிற்கச் சொன்னார்கள். போய் நின்றேன். என் தலைக்கு மேலே இன்னும் இடம் இருந்தது. "உங்களவிட நாலு வெரக்கட ஒசரம்" என்றாள் என் மனைவி. அந்த அளவையும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அடுத்து, எந்தக் கையால் எறிவார் என்று கேட்டது.

"சோத்துக் கைதான். எழுதறதும் அதுலதான்" என்றாள் தாய். மகள் வலது கையை அழுத்தப் போனாள்.

"எடது கை" என்றேன் நான்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். எனக்கு அவர் பழக்கமில்லை. ஆனால் பார்த்திருக்கிறேன். நான் அப்போது வேலை செய்த பேக்டரிக்கு அவர் வண்டியில் இலை வரும். தேயிலை அடைத்த மூட்டைகளுக்கு மேல் ஏறி நின்று, வலது கையால் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு மூட்டையாக எறிவார். அது நேராகத் தராசு மேடையில் போய் விழும். எடை போடுகிறவர்கள் தராசு உடைந்துவிடும் என்று சத்தம் போடுவார்கள். இவர் சிரித்துக்கொண்டே அடுத்ததை எறிவார். மேலே மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"நீங்க எங்கப்பாவப் பாத்திருக்கீங்களா?" என்றாள்.

"பாத்திருக்கறேன். நெறையத் தடவ."

"ஏன் சொல்லவே இல்ல?"

"யாரும் கேக்கல கண்ணு."

"அப்பறம்?"

என்னிடம் அதிகம் இல்லை. வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது விசிலடிப்பார். குரங்குக் குல்லாயைக் காதுக்கு மேலே சுருட்டி விட்டிருப்பார். டீயை உட்கார்ந்து குடிக்க மாட்டார். அவ்வளவுதான். அவள் கேட்டுக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தபோது இன்னும் நாலைந்து இட்டுக்கட்டிச் சொல்லலாமா என்று ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. அவர் இந்த வீட்டுக்குள் திரும்ப வந்தால் நான் வெளியே போக வேண்டியிருக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் எப்போதும் இருந்தது. இப்போது நானே என் வாயால் அவரைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டேன். யாரும் என்னை நகர்ந்து உட்காரச் சொல்லவில்லை.

இடது கை அவளுக்குப் பழக்கமில்லாததால் அப்பா எறிந்த முதல் பந்து எதிராளியின் முதுகில் போய்ப் பட்டது. அடுத்ததும் அப்படியே. வர்ணனைக்காரர் அதே பழைய ஜோக்கைச் சொன்னார். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு என் மனைவி குழைந்துபோன சாதத்தைப் பார்க்கப் போனாள். நான் போட்டோவை ஆணியில் மாட்டி, ஒயர் முனையில் சுற்றிய டேப்பைப் பிரித்து, ஹோல்டரில் ஒரு சின்னச் சிவப்பு பல்ப் போட்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் நானும் அவளும் ஆடிக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு என்ன வயசு வைத்தாய் என்று கேட்டேன்.

"முப்பத்தொண்ணு. அவரு கடைசியா இருந்த வயசு" என்றாள். கண் டிவியிலேயே இருந்தது. "கூட்டிட்டு வர முடியாததும் ஒருவகைல நல்லதுதானுங்க. வருஷா வருஷம் புதுசாச் செஞ்சா, அவருக்கு வயசே ஆவாது. அடுத்த வருஷமும் முப்பத்தொண்ணுதான்."

"செஞ்சுறலாம்."

ஒரு பந்து எறிந்தாள். இன்னொன்று எறிந்தாள்.

"அடுத்த வருஷம் செய்யறப்ப நீங்க இருப்பீங்கல்ல?"

வேடிக்கையாக ஏதாவது சொல்லி வைக்கலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்ன ஒருவரை நம்பிய குழந்தை அது.

"இருப்பேன் சாமி" என்றேன்.

அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மஞ்சக்காமாலைக்கு ஊசி இருக்குதாம். ஸ்கூல்ல சொன்னாங்க. போட்டுக்குங்க."

திங்கட்கிழமை பேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளும் வந்தாள். ஊசி என் கையில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.